எங்கள் நாய் அடங்கிப்போன ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் பார்த்தே தீரவேண்டும் என்று அடம்பிடித்தவள் என் மகள். வேறு நாளாக இருந்தால் ஒரு அதட்டல் போட்டிருப்பேன். அவள் வலது கையில் கட்டு இருந்தது. அதனால் எதற்கும் மறுப்புச் சொல்ல எனக்கும் என் கணவருக்கும் மனசு வரவில்லை. படம் ஒரு குடும்பத்தையும் அவர்கள் வளர்க்கிற அடங்காத நாயையும் பற்றியது. தமிழில் டப் செய்திருந்தார்கள். நாயை வளர்க்கிற வெள்ளைக்காரர் அசல் மதுரைக்காரராகவே மாறி நாயைத் திட்டிக்கொண்டிருந்தார்.

மகளின் கையைக் கடித்தது எங்கள் நாய்தான். அவள் அப்பாவின் செருப்பை அது கவ்விக்கொண்டிருந்தபோது இவள் பிடுங்கப் போயிருக்கிறாள். உள்ளங்கையில் பல் இறங்கிவிட்டது. மலையாள எல்லையோரத்து எங்கள் சித்தூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, அடுத்த ஊசிக்கும் வரச் சொன்னார்கள். அங்கிருந்த சிஸ்டர் மலையாளத்தில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: நாயை அடித்துக் கொன்றுவிடாதீர்கள், கட்டிப்போட்டுப் பத்து நாள் பாருங்கள், தின்று குடித்து நன்றாக இருந்தால் வெறி இல்லை, பயமில்லை. நன்றாக இல்லாவிட்டால் என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஊசி போட்டும் பிழைக்காத குழந்தைகளைப் பற்றிப் பேப்பரில் படித்திருந்தேன்.

நாய்க்கு முன்பே ஊசி போட்டிருந்தால் இந்தப் பாடே இல்லை. பஞ்சாயத்திலிருந்து ஊசி போட வந்த அன்று கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு வயலுக்குள் ஓடிவிட்டது, மகராசன். அதற்கப்புறம் வாய்க்கால் மேட்டில் எங்கிருந்தோ வந்த ஒரு நாயோடு கட்டிப் புரண்டு காது கிழிந்து வந்தது. அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தோம், ஆனால் சனியனே என்றால்தான் திரும்பிப் பார்க்கும். கொடியில் காயும் துணியை இழுக்காத நாளில்லை, மாட்டுக்கு வைத்த தவிட்டுத் தண்ணீரைக் கவிழ்க்காத நாளில்லை. என்றைக்குத்தான் அடங்குவாய் என்று கத்திக்கொண்டு அதன் பின்னால் ஓடுவதே எனக்கு வேலையாக இருந்தது.

இப்போது அடங்கிவிட்டது. மாட்டுக் கொட்டகையில் சங்கிலியில் கட்டிய புதிதில் ஊரையே கூட்டியது. சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து சத்தம் இல்லை. ஞாயிறு காலையில் வைத்த சோறு ஈ மொய்த்துக் கிடந்தது. பால் வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்கா கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

“பரவால்லீங்க, கட்டிப்போட்டதும் புத்தி வந்துருச்சாட்ட இருக்குதுங்க. எத்தன சாதுவாப் படுத்திருக்குது பாருங்க” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் அளவு மறந்து அவர் செம்பு வழியப் பாலை ஊற்றினேன்.

படத்தில் அந்த நாய் விருந்துக்குப் போட்ட மேசை விரிப்பை இழுத்து அத்தனை தட்டுகளையும் உடைத்தது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நாங்கள் இருவரும் காதைக் கொட்டகைப் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

“ஏனுங்க, சத்தமே காணோமுங்களே” என்றேன்.

“மழைக்குச் சுருண்டு படுத்திருக்கும். நீ படத்தப் பாரு” என்றார். சொல்லிவிட்டு அவரே டிவி சத்தத்தைக் குறைத்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு நனைந்து வந்தார்.

“தண்ணி குடிச்சுதுங்களா?”

“தெரியல. கண்ணத் தொறந்து பாத்துச்சு. அவ்வளவுதான்.”

ஒரே ஒரு தடவை குரைத்தால் போதும் என்றிருந்தது. என் பட்டுச்சேலையை எடுத்துப் போய் அதன் முன்னால் போட்டு, கிழிடா என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

படம் முடியப் போகும்போது அந்த நாய்க்கு வயதாகிவிட்டது. தட்டு நிறையச் சோறு இருக்க, தலையைத் தரையில் வைத்துப் படுத்திருந்தது. மகளின் சிரிப்பு நின்றுவிட்டது.

“ஏம்ப்பா அது திங்க மாட்டேங்குது?” என்றாள். பிறகு, “நம்ம நாயும் காலைல திங்கலையேப்பா.”

அவர் டிவியை நிறுத்த ரிமோட்டைத் தேடினார். அது அவர் மடியிலேயே இருந்தது. நான் அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். அப்போதுதான் சமையலறையில் பாத்திரம் விழுந்து உருண்டது.

ஓடினோம். மகளை நிலைப்படியிலேயே நிறுத்திவிட்டு அவர் முன்னால் போனார். ராத்திரிக்கென்று வறுத்து வைத்திருந்த மத்தி மீன் சட்டியோடு தரையில் கிடந்தது. கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு வந்திருந்த நாய், முள்ளைக்கூட விடாமல் தின்றுகொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் அவர் விளக்குமாற்றை ஓங்கினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அடிக்காதீங்க. திங்கட்டும். இன்னுங் கொஞ்சம் திங்கட்டும்.”

சட்டியை நக்கி முடித்துவிட்டுத் தண்ணீர் வாளிக்குள் மூக்கை விட்டது. அதன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிறையக் குடித்தது. பிறகு வாளியையும் தள்ளிக் கவிழ்த்துவிட்டு எங்களைப் பார்த்தது. அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் சங்கிலி எடுத்துவரப் போனவர், வெகு நேரம் திரும்பவில்லை.

டிவியில் அதற்குள் சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. மகளுக்குக் கோபம்.

“கடைசீல பாக்க உடாமப் பண்ணீட்டீங்க. அந்த நாய் பொழச்சுதாம்மா இல்லியா?”

“மீன் பூராத்தையும் தின்னுபோட்டுத் தண்ணியும் குடிச்சிருச்சு அம்மிணி” என்றேன்.