கால் மிதிக்க, கை கேட்டது

இருதயம் பலவீனமாகிவிட்டது, ரத்தத்தைப் பழைய வேகத்தில் தள்ள முடியவில்லை என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, மகள் என்னை ரவாங்கில் தன் வீட்டுக் கீழறையில் படுக்கவைத்துவிட்டாள். என் வீடு செந்தூலில், நாலாவது மாடி. லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாது. படி ஏறினால் உயிர் போய்விடும், வீட்டை விற்றுவிடலாம் என்பது அவள் பேச்சு. லோரி ஓட்டிச் சம்பாதித்த வீடு. மனைவி போன பிறகும் அவள் புழங்கிய அடுப்படி அப்படியே இருக்கிறது. விற்பதாவது!

நம் சனங்களுக்கு இருதயக்காரன் என்றால் கண்ணாடிப் பாத்திரம். பார்க்க வந்தவர்களெல்லாம் மைலோ டின்னை வைத்துவிட்டு, அசையாமல் படு என்பார்கள். பிறகு என் முன்னாலேயே, யார் யார் பொசுக்கென்று போனார்கள் என்று கதை பேசுவார்கள். குனிந்து செருப்பு மாட்டினால்கூட மகள் ஓடி வருவாள். படுத்துப் படுத்துக் கால் இரண்டும் குச்சியாகிவிட்டன. குளியலறைக்குப் போய்வரவே மூச்சு வாங்கியது. எரிச்சலான எரிச்சல்.

அப்போதுதான் டாக்டர் உடற்பயிற்சிக்கு அனுப்பினார். மகளுக்கு முகமே மாறிவிட்டது. மருத்துவமனையில் பயிற்சி கொடுப்பவள் ஒரு தமிழ்ப் பிள்ளை. முதலில் என் முன்கையில் ஒரு பட்டையைக் கட்டி இறுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்துச் சட்டென்று தளர்த்தி, மேல்கையில் ஓடும் ரத்தக்குழாயை ஸ்கேன் திரையில் காட்டினாள். இரண்டு வெள்ளைக் கோடு, நடுவே கறுப்பு. தடைபட்ட ரத்தம் பாய்ந்து வரும்போது குழாய் விரிய வேண்டுமாம். என்னுடையது அசைந்து கொடுக்கவில்லை. பிடிவாதத்தில் என்னை மாதிரியே.

பிறகு மார்பில் வயர்களை ஒட்டி, நகராத சைக்கிளில் உட்காரவைத்தாள். மாதக்கணக்கில் மிதித்தேன். முதலில் கொஞ்சம், போகப்போகக் கூடுதலாக. மகள் வெளியே உட்கார்ந்து வேண்டாத சாமியில்லை.

ஒரு நாள் மறுபடி பட்டை, மறுபடி திரை. பட்டை தளர்ந்ததும் அந்தக் கறுப்பு மெல்ல மெல்ல அகன்றது. என் உடம்புக்குள் நடப்பது என் கண்முன்னால்! மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் மிதித்தது காலால்தானே, கை சும்மாதானே இருந்தது என்று கேட்டேன்.

“காலு மிதிக்கும்போது உடம்பு பூரா ரத்தம் வேகமா ஓடுது அங்கிள். அந்த ஓட்டம் பட்டுப் பட்டு எல்லாக் குழாயும் மறுபடி விரியப் பழகிக்குது. இருதயத்துக்கும் பாரம் குறையும் லா,” என்றாள்.

அடேயப்பா! இத்தனை வருஷம் இந்த உடம்பை வைத்துக்கொண்டு, இது இப்படியெல்லாம் செய்யும் என்று எனக்குத் தெரியாதே. கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கும்பிடத் தோன்றியது. கும்பிடவும் அந்தக் கைதான் வேண்டும்.

நின்று நின்று படி ஏறலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். மகள் காரை எடுத்தாள். ரவாங்குக்குத்தான் போகும் என்றிருந்தேன். செந்தூல் பாசாரில் நிறுத்தி, மீனும் காயும் வாங்கினாள்.

அன்றைக்கும் லிஃப்ட் ஓடவில்லை. மாடிக்கு மாடி நின்று மூச்சு விட்டுக்கொண்டு ஏறினோம். மூன்றாவது மாடியில் அவளுக்குத்தான் மூச்சு இரைத்தது. என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். தம்ளரைக்கூட என்னைத் தூக்கவிடாதவள், கையிலிருந்த காய்ப் பையை நீட்டினாள்.

“இந்தாங்கப்பா, இதைக் கொஞ்சம் பிடிங்க.”

வாங்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் ஏறினேன்.