பூக்கூடையில் போன தண்ணீர்

என் மூத்த பேரன் கோயம்புத்தூரில் இன்ஜினியர். அடுத்தவன் மாவட்ட அணியில் கபடி ஆடுகிறான். கடைக்குட்டி காவியா இந்த வருடம் நர்சிங் முடித்துவிட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் இதைச் சொல்லாத ஆள் பழனியில் இல்லை. அந்தக் காவியாதான் போன வாரம் போனைப் பார்த்துவிட்டு, "அப்பத்தா, தண்ணி டெஸ்ட் எடுக்கிற மரகதம் அக்கா மாரடைப்புல போயிட்டாங்களாம்" என்றாள். கட்டிக்கொண்டிருந்த மல்லிகைச் சரம் அப்படியே நின்றது.

படித்துறைக் கடைக்காரர்களான உங்களுக்கு அவளைத் தெரியும். பூம்பாறைப் பெண். பக்தர்கள் குளிக்கிற ஆற்றில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க, மாதம் ஒருமுறை நீல ஐஸ் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்குவாள். பாட்டிலின் வாயைக் கைபடாமல் திறந்து, ஓட்டத்துக்கு எதிராக முக்கி எடுப்பாள். "கண்ணுக்குத் தெளிவாத்தாங்க தெரியும், கண்ண நம்பாதீங்க" என்பாள்.

போன வருடம் அந்தத் துறையில் குளித்த காவியா, வாந்திபேதியில் ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தாள். மேலே இருக்கும் லாட்ஜின் கக்கூஸ் தண்ணீர் குழாய் வழியாக ஆற்றில் விழுவது ஊருக்கே தெரியும். டெஸ்டில் மட்டும் நல்ல தண்ணீர் என்றே வந்தது. நான் மரகதத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னத்தடி பாத்தே? எம்பிள்ள அங்க கெடக்கு!"

அவள் கோபப்படவில்லை. "நான் வர்ற அன்னைக்குக் குழாய் ஓடுதாங்க?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீலப் பெட்டி பஸ்ஸை விட்டு இறங்கியதுமே லாட்ஜின் வாட்ச்மேன் வால்வை மூட ஓடுவான்.

அடுத்த முறை அவள் பச்சைச் சேலை கட்டி, பாதயாத்திரைக் கூட்டத்தோடு வெறுங்கையாக இறங்கினாள். பாட்டில் முந்தானைக்குள் இருந்தது. ஐஸ் என் பூக்கூடையில். நிரப்பிக் கொண்டுவந்ததை மல்லிகைக்கு அடியில் புதைத்தேன். லாட்ஜ்காரரே வந்து ஒரு முழம் வாங்கினார்.

"என்ன ஆத்தா, பூ இன்னைக்கு இம்புட்டு ஜில்லுன்னு இருக்கு?"

"ஒங்களுக்காகத்தாங்க ஐஸு கூடப் போட்டேன்" என்றேன். மரகதம் பக்கத்தில் நின்று தலை துவட்டினாள். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தண்ணீரில் கிருமி என்று முடிவு வந்தது. 'இங்கே குளிக்காதீர்கள்' என்ற சிவப்புப் பலகையை லாட்ஜ்காரர் வாசலுக்கு நேரே நட்டார்கள். "கக்கூசு டாக்டரம்மா" என்று எல்லோர் முன்னாலும் அவளை ஏசினார். "கொழாய ஒரேயடியா அடைங்க, பலகைய நானே புடுங்குறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். அவர் அடைக்கவில்லை.

அவள் இறந்த மூன்றாம் நாள் பலகையைக் காணோம். அதே நாளில் லாட்ஜ்காரர், ஏதோ விழாவில் அவளுக்குத் தாம் சால்வை போர்த்திய படத்தை நம் கடைக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, 'படித்துறையின் காவல் தெய்வம்' என்று எழுதியிருக்கிறார். நீங்களும் கைகூப்பியிருக்கிறீர்கள். நான் கூப்பவில்லை, மன்னிக்கவும் மாட்டேன்.

மரகதம் கொடுத்த, இன்னும் திறக்காத ஒரு பாட்டில் என்னிடம் இருக்கிறது. அவள் இடத்துக்கு வரப்போகும் பெண்ணிடம் அதைக் கொடுப்பேன். பெட்டி வேண்டாம், ஐஸ் என் கூடையில் இருக்கும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சால்வைப் படத்தை எடுத்துவிட்டு, பலகை நட்ட அன்று காவியா எடுத்த படத்தைப் போடுங்கள். பலகையைப் பிடித்தபடி மரகதம் சிரிக்கிறாள். பின்னால் அவர் நிற்கிறார். அவரை வெட்டிவிடாதீர்கள்.