பாதியாய் வெட்டிய மார்புப் படம்

எக்ஸ்ரே அறைக்கு முன்னாலுள்ள நடையில், படுக்கை விரிப்பால் மூடிய பழைய இயந்திரம் ஒன்று நின்றது. மூன்று வாரமாக விடாத இருமலோடு நான் வரிசையில் இருந்தேன். சும்மா இருக்க என்னால் முடியாது. மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துகிறவன் நான். விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். உருட்டும் சில்லுகள் துருப்பிடித்திருந்தன. கைப்பிடிகள் மட்டும் நல்ல வார்ப்பு.

"அதைத் தொட வேணாம், அண்ணன்," என்றார் படம் எடுக்கும் மிஸ். கிண்ணியாக்காரி. "இப்ப எல்லாம் கொம்பியூட்டர். அது பிலிமில எடுத்த காலத்து மிசின்."

பத்து வருடங்களுக்கு முன், சீனன்குடாவில் வேலைக்குச் சேர்வதற்கான மருத்துவச் சோதனையில், அதன் குளிர்ந்த தகட்டில்தான் மார்பை ஒட்டி நின்றிருக்கிறேன்.

எக்ஸ்ரே வந்த புதிதில் எப்படி எடுத்தார்கள் என்று மிஸ்ஸிடம் கேட்டேன். பிலிமுக்குப் பதில் கண்ணாடித் தகடாம். நோயாளி நிமிடக் கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டுமாம். கதிர் சரியாக வருகிறதா என்று அறிய, எடுப்பவர்கள் தங்கள் கையையே குறுக்கே நீட்டிப் பார்ப்பார்களாம்; நாளடைவில் தோல் கருகி விரலை இழந்தவர்களும் உண்டாம். எஞ்சின் சூட்டை நானும் கை வைத்துத்தான் பார்ப்பேன். அந்த மனிதர்களை எனக்குப் பிடித்துப்போனது.

என் படம் வந்தது. வலது நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு வெள்ளைப் புள்ளி. 'கணு' (நுரையீரலில் திரளும் சிறு கட்டி) என்றார் டொக்டர்.

"இது புதுசெண்டால் பயொப்சி (ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்ய வேணும். புற்றுநோயாகவும் இருக்கலாம். கனகாலமாக இதே அளவில இருக்குதெண்டால் பயப்படத் தேவையில்லை. பழைய படம் வச்சிருக்கிறீங்களோ?"

"ஓம், டொக்டர்," என்று சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. சூரிய கிரகணம் பார்ப்பதற்காக வேலைக்குச் சேர எடுத்த அந்தப் படத்தை நடுவால் வெட்டியவன் நானேதான்.

லிங்கநகர் வீட்டில் அலுமாரிக்கு மேல் ஒரு பாதி கிடந்தது. படத்தை முன்னால் பிடித்தால் வலக்கைப் பக்கம் வரும் பாதி. வலது நுரையீரல் இதில்தானே இருக்கும் என்று யன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். புள்ளி இல்லை. அப்படியானால் புதிதாக வந்தது. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"எஞ்சின் பார்க்கிறதோட நிண்டுகொள்ளுங்கோ," என்றாள் மனைவி. "கொண்டுபோய்க் காட்டுங்கோ முதல்ல."

மறுநாள் மிஸ்ஸிடம் காட்டினேன். கிரகணக் கதையைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதாலயா சூரியனைப் பார்த்தீங்க? கண் போயிரும், அண்ணன்!"

பிறகு படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "எதிர்ல நிக்கிற ஆளைப் பார்க்கிற மாதிரித்தான் படம் இருக்கும். வலம் இடமாத் தெரியும். இந்தப் பெரிய நிழல்தான் இதயம். இது உங்கட இடப்பக்கம்."

கிரகணத்தன்று கொடுத்த மற்றப் பாதி சல்லி ஊரில், என் மனைவியின் தம்பியிடம். அன்றே ஓடினேன். எறிந்திருப்பான் என்றே நினைத்தேன். அவன் படகுப் பத்திரங்களுக்கு நடுவிலிருந்து அதை எடுத்தான்.

"அடுத்த கிரகணத்துக்கு வேணுமெண்டு வச்சனான், அத்தான்."

அவனைக் கட்டிப்பிடித்தேன். ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை.

மூன்றாம் நாள் டொக்டர் இரண்டு பாதிகளையும் விளக்குப் பெட்டியில் சேர்த்து வைத்தார். புள்ளி இருந்தது. அதே இடம், அதே அளவு. எனக்கு அழுகை வந்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை.

"எப்பவோ காசநோய்க் கிருமி வந்திருக்கு. உடம்பே அதை அடக்கி, சுண்ணாம்பு படிய வச்சு மூடியிருக்கு. இப்ப இருக்கிறது வெறும் தழும்பு."

"எப்ப வந்தது, டொக்டர்?"

"அதைப் படம் சொல்லாது."

சளிப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. இருமலுக்குக் காரணம் மூச்சுக்குழாய் அழற்சி (காற்றுக் குழாய்களின் உள்வீக்கம்), டொக்டர் தந்த குளிசையில் அடங்கியது. உங்களிடம் பழைய படங்கள் இருந்தால் முழுதாக வைத்திருங்கள். கிரகணத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

நோயாளியென்று நடுங்கிய அந்த மூன்று நாளும் என் உடம்பில் பெரிதாக ஒரு நோயும் இருக்கவில்லை. கிருமியோடு உடம்பு உண்மையில் மல்லுக்கட்டிய நாட்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. யாருடையதோ எஞ்சினைக் கழற்றிப் பூட்டி, மனைவியோடு ஒரு சண்டையும் பிடித்து, வயிறாறச் சாப்பிட்டிருப்பேன்.