வெறுங்காலோடு வந்த பிள்ளை

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஆக்லாந்துக்கு வந்து, நியூ லின் பகுதியில் வாடகை வீடு எடுத்திருந்தோம். வைகாசி பிறந்து இரண்டு கிழமைக்குள் குளிர் தொடங்கிவிட்டது. வைகாசியில் குளிரும் என்று யாழ்ப்பாணத்தில் எவனாவது சொல்லியிருந்தால், அவனுக்கு விசர் என்றிருப்பேன். மனைவி எங்கள் ஏழு வயது மகளுக்கு இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் கோட், காதை மூடும் தொப்பி, தடித்த காலுறை, சப்பாத்து எல்லாம் மாட்டித்தான் பள்ளிக்கு அனுப்புவாள். பிள்ளை கையை மடக்க முடியாமல் நடந்து போகும்.

மகளுக்கு ஒரே ஒரு சிநேகிதி. அடுத்த தெரு வெள்ளைக்காரப் பிள்ளை. தினமும் காலையில் வாசலில் வந்து நிற்கும், இரண்டும் சேர்ந்து போகும். அந்தக் குளிரிலும் அது அரைக்காற்சட்டையும் வெறுங்காலுமாக வந்தது.

"என்னப்பா, சப்பாத்து வாங்கவும் வழியில்லாத சனம் போல. பாவம்," என்றாள் மனைவி. எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் ஊரில் வெறுங்காலோடு பள்ளிக்கு வருகிற பிள்ளை என்றால் வேறு அர்த்தமே கிடையாது.

இரண்டாம் நாளே மனைவி புதுச் சப்பாத்து ஒரு சோடியோடு வந்து நின்றாள். அப்போது எனக்கு விரி என்ற இடத்தில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை, சம்பளம் சொற்பம்.

"தனக்கு மிஞ்சித்தான் தானம், தெரியும்தானே?" என்றேன்.

"பிள்ளையின்ரை கால் நீலம் பாரிச்சுக் கிடக்கு. நீங்கள் பழமொழி சொல்லுறியள்."

மறுநாள் காலை அந்தப் பிள்ளையை வாசற்படியில் இருத்தி, தானே மாட்டிவிட்டாள். அதன் முகம் சிவந்துபோயிற்று.

அதற்குப் பிறகு அது வரவில்லை. மூன்று காலை மகள் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் தனியே போனாள். மூன்றாம் நாள் சாப்பிடவும் மாட்டேன் என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தீர். பிள்ளைக்கு இருந்த ஒரேயொரு சிநேகிதியும் போச்சு."



சனிக்கிழமை அந்தப் பிள்ளையின் தாய் சப்பாத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். அவளும் வெறுங்கால்! வீட்டில் நாலு சோடி கிடக்கிறது, போடச் சொன்னால் மகள் கேட்பதில்லை என்று சொல்லிச் சிரித்தாள். இங்கே பிள்ளைகள் அப்படித்தானாம். நான் மன்னிப்புக் கேட்டேன். மனைவி வெட்கத்தில் தேநீர் போடப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளை வந்தது. எங்கள் மகள் வாசற்படியில் குந்தி, சப்பாத்து, காலுறை, தொப்பி, கோட் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு அதோடு ஓடினாள்.

"இஞ்சாருங்கோ, அவளைக் கூப்பிடுங்கோ! சளி பிடிக்கப் போகுது!"

நான் கூப்பிடவில்லை.

பின்னேரம் வந்தவளின் கால் ஐஸாக இருந்தது. மனைவி அதை மடியில் வைத்துத் திட்டித் திட்டித் தேய்த்தாள்.

"இண்டைக்குப் பள்ளிக்கூடத்திலை ஒருத்தரும் என்னை நக்கலடிச்சுச் சிரிக்கேல்லை," என்றாள் மகள்.

மனைவியின் கை நின்றது.

"அப்ப மற்ற நாளிலை சிரிக்கிறவையோ?"

"ஒவ்வொரு நாளும், அம்மா."