சட்டைக் கையின் நிறம்

சின்யோராவின் மகள் தன் டேப்லெட்டில் அந்த யப்பான் கார்ட்டூன் படத்தைப் போட்டுக் கொடுத்த நாளிலிருந்துதான் எனக்குச் சனியன் பிடித்தது.

சின்யோரா என்றால் நான் வேலைக்கு நின்று பார்த்துக்கொள்கிற இத்தாலிக்காரப் பெண்மணி, ஒருகாலத்தில் இந்தப் பலெர்மோ நகரத்து மேடைகளிலும் சினிமாவிலும் நடித்தவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, ஞாபகம் கழன்றுகொண்டு போகிறது. படமும் நடிப்பை விட்டுவிட்ட ஒரு கிழவியைப் பற்றியதுதான். இரண்டு பேர் கமெராவோடு வந்து பழைய நினைவுகளைக் கேட்கிறார்கள். சொல்லச் சொல்ல, அவள் நடித்த படங்களும் வாழ்ந்த வாழ்க்கையும் கலந்துவிடுகின்றன. சின்யோராவுக்கு அது தினமும் புதுப்படம். மத்தியானம் சாப்பிட்டதும் "அந்தப் படத்தைப் போடன் பிள்ளை" என்பார். அவர் பேசுவது இத்தாலியன். என் காதில் அது எங்கள் தமிழாகத்தான் விழும். நான் பக்கத்தில் இருந்து சியாகுல்லி மாண்டரின் தோடம்பழம் உரித்துக் கொடுப்பேன். படம் முடிந்ததும் தன் கதையைத் தொடங்குவார்.

"நேற்று மகாராணியா இருந்தனீங்கள், இண்டைக்குக் கன்னியாஸ்திரியோ?" என்று நக்கலடிப்பேன். அவரும் சிரிப்பார்.

போன மாசியில் ஒரு மத்தியானம் அந்தச் சிரிப்பு நின்றது. படம் முடிந்து, சின்யோரா யன்னலைப் பார்த்தபடியே, "என்ரை அண்ணாவைக் கொண்டுபோனாங்கள்" என்றார். "வாசல்ல வைச்சு நான் பிடிச்சு இழுத்தனான். சட்டைக் கை மட்டும் கிழிஞ்சு என்னட்டை மிஞ்சினது. நீலச் சட்டை."

உரித்த பழம் என் மடியிலிருந்து உருண்டுவிட்டது. அது அவர் நடித்த எந்தப் படமும் இல்லை. அது என்னுடைய அகதிக் கேஸ்.

அகதி விசாரணைக்குக் காத்திருந்த காலத்திலேயே நான் அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்துவிட்டேன். அப்போது சின்யோராவுக்கு ஞாபகம் தெளிவாக இருந்தது, ஒருநாள் அழுதுகொண்டு அவரிடம் உண்மையைச் சொன்னேன். ஊரில் அண்ணாவை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது நான் வீட்டில் இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்க, நான் சிநேகிதி வீட்டில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓம், படம்! திரும்பி வந்தபோது வீடு திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்குள்ளால் கண்டதைச் சொன்னா, அண்ணா போட்டிருந்த சட்டையின் நிறத்தையும் சொன்னா. அந்த அக்காவும் பிறகு செல் குண்டு விழுந்து செத்துப்போனா.

சின்யோரா கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நீ ஒண்டையும் காணேல்லை எண்டா அவங்கள் நம்ப மாட்டாங்கள். நீ அங்கை நிண்டனி. கையில ஏதாவது வைச்சிரு." குசினித் துணி ஒன்றை எடுத்து என் கையில் திணித்தார். நீலக் கட்டம் போட்ட துணி. நான் சொன்ன நிறம் எடுபடாதாம், நீலம்தான் மனதில் நிற்குமாம். பத்து நாள் அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு ஒத்திகை பார்த்தோம். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தண்ணீர் கேட்க வேண்டும் என்றெல்லாம் சொல்லித் தந்தார். அந்தக் கோதாரி பிடித்த கேஸும் வென்றது, இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவும் கிடைத்தது. எனக்கு அப்போது பெருமைகூட இருந்தது.

அதே கதையை அம்மாவுக்கும் சொன்னேன். படம் பார்க்கப் போனதை எந்த வாயால் சொல்வது? "நீயாவது பிடிச்சுப் பாத்தியே பிள்ளை" என்று அம்மா போனில் அழுதா.

சின்யோரா என் கேஸைத் தன் கதையாகச் சொன்ன அதே கிழமை அம்மா போன் எடுத்தா. ஊருக்குப் பக்கத்தில் கிணறு வெட்டப் போன காணியில் எலும்புகள் வந்திருக்கின்றனவாம். உடுப்புகளைக் கழுவிக் காயவைத்து, காணாமல் போனவர்களின் ஆட்களுக்குக் காட்டப் போகிறார்களாம்.

"நீதானே கண்டனி. நீலம்தானே? நல்லா யோசிச்சுச் சொல்லு பிள்ளை."

இடம்பெயர்ந்து திரிந்த காலம். ஆரோ குடுத்த சட்டைகளைத்தான் அண்ணா போட்டார், அம்மாவுக்கு அவற்றைத் தெரியாது. எனக்கும் அந்த அக்கா சொன்ன நிறம் மறந்துவிட்டது. கண்ணை மூடினால் நீலக் கட்டம்தான் வருகிறது. அதை என் விரல்களால் தொடக்கூட முடிகிறது, அப்படி ஒரு சட்டை இருந்ததே இல்லை. "நாளைக்குச் சொல்றன் அம்மா" என்று வைத்துவிட்டேன்.

உண்மையான நிறத்தைக் கேட்டவர் உலகத்தில் ஒருவர்தான் மிச்சம். அடுத்த நாள் படம் போடாமல் சின்யோராவின் முன்னால் முழங்காலில் இருந்தேன்.

"முதல் முதல் நான் என்ன நிறம் சொன்னனான்? நீங்கள் எடுபடாது எண்டு சொன்னியள். யோசியுங்கோ, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

அவர் என் முகத்தை வடிவாகப் பார்த்தார். பிறகு என் தலையைத் தடவினார். "நீலம்" என்றார். "நான்தானே பிடிச்சுக்கொண்டு நிண்டனான். நீ அங்கை நிக்கேல்லையே பிள்ளை."

அன்று பின்னேரம் அம்மாவுக்கு எடுத்தேன். எல்லாவற்றையும் கொட்டிவிடத்தான் எடுத்தேன், சத்தியமாக. "அம்மா, அண்டைக்கு நான்..." என்று தொடங்கவே அழுதுவிட்டேன். "அழாதை பிள்ளை. நீ கடைசி மட்டும் அவனை விடேல்லை. அந்த ஆறுதலிலதான் நான் இருக்கிறன்" என்றா. நீலம் என்றே சொன்னேன்.

சனிக்கிழமை பல்லரோ சந்தையில் மீன் வெட்டுவித்துக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. மீன்காரன் கத்திய கத்தலில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சுவரோடு ஒதுங்கினேன். அம்மா சிரித்துக்கொண்டிருந்தா. அந்தச் சிரிப்பை நான் எத்தனையோ வருடமாகக் கேட்டதில்லை.

"பிள்ளை, நீலம் இல்லை! வரிசையா விரிச்சு வைச்சிருந்தாங்கள், கடைசி மட்டும் பாத்தனான். மண்ணிறம் கிடந்தது, வெள்ளை கிடந்தது, ஒரு நீலம்கூட இல்லை. மற்றதுகளை நான் ஏன் பாக்கிறன்? அவன் அங்கை இல்லை. உயிரோடை எங்கையோ இருக்கிறான். அவங்கள் நீட்டின கடுதாசியிலயும் எங்கடை பிள்ளை இல்லையெண்டு கையெழுத்து வைச்சிட்டன்."

நான் போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

"நீ அண்டைக்கு நிறத்தைப் பாத்து வைச்சது நல்லதாப் போச்சு பிள்ளை" என்றா அம்மா.

"ஓம் அம்மா" என்றேன்.