கோளாறு இல்லாத வீடு

இரண்டு கைகளிலும் பைகளோடு வருபவள், பூட்டைத் திறந்ததும் வழக்கம்போல இடுப்பால் கதவை ஓங்கி ஓர் இடி இடிக்கிறாள். கதவோ விரல் பட்டாலே திறந்துகொள்கிற சாது. அது பறந்துபோய்ச் சுவரில் மோத, பின்னாலேயே இவளும் பைகளோடு உள்ளே ஓடி, சோபாவைப் பிடித்துத்தான் நிற்கிறாள்.

"அம்மா வந்தாச்சு," என்கிறாள் மகள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

அந்த இடி இந்தக் கதவுக்கு உரியதல்ல. வேறொரு நாட்டில் பதினொரு வருஷம் இருந்த மூன்றாம் மாடி வீட்டுக் கதவுக்கு உரியது. அங்கே இடித்தால்தான் திறக்கும். குழாயை இறுக்கி மூடினால் சொட்டும். கொஞ்சம் தளர்த்தினால் நிற்கும். சமையலறை ஜன்னலுக்குக் கரண்டிக் காம்பால் முட்டுக் கொடுக்க வேண்டும். கணவனுக்கு வேலை மாறி இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. இங்கே எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"வீடா இது? ஒரு கோளாறுகூட இல்ல. ஓட்டல்ல தங்கின மாதிரியே இருக்கு."

அதனால் பாதிப் பெட்டிகள் ஒட்டிய டேப்போடு அப்படியே கிடக்கின்றன. கணவன் அவற்றில் ஒன்றின் மேல் உட்கார்ந்துதான் ஷூ மாட்டுகிறான். "எப்பம்மா பிரிக்கப்போற?" என்று மகள் கேட்டால், "பாக்கலாம்" என்பாள். இங்குள்ள பள்ளியில் இப்போதுதான் தோழிகள் கிடைத்திருக்கும் மகளுக்கு, அந்தப் 'பாக்கலாம்', 'திரும்பிப் போயிடலாம்' என்றே காதில் விழும்.

அவளுக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். காம்பைச் சூடு காட்டி, வளைத்து, வந்தவர் முகத்தில் மாட்டிவிட்டு, "எங்க கடிக்குது? காதுலயா, மூக்குலயா?" என்பாள். கடிக்கவில்லை என்பவர்களை நம்பமாட்டாள். "ரெண்டு நாள் போட்டுப் பாருங்க சார், கடிக்கும்," என்று வாழ்த்துவதுபோலச் சொல்லி அனுப்புவாள்.

போன மாதம் பழைய பக்கத்து வீட்டுக்காரி போனில் ஒரு சேதி சொன்னாள். வீட்டுச் சொந்தக்காரர் அந்தக் கதவைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போட்டுவிட்டாராம். அன்று இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"கதவுக்காக அழுவுற ஒரே ஆளு நீதான்," என்றான் கணவன்.

"பதினோரு வருஷம் இடிச்சிருக்கேன். உங்களக்கூட அத்தன தடவ இடிச்சதில்ல."

சோபாவைப் பிடித்து நின்றதற்கு அடுத்த வாரம் விடாத மழை. கதவு உப்பிக்கொண்டது. வேலை முடிந்து வந்தவள் இடித்தாள், அசையவில்லை. மறுபடி இடித்தாள்; இடுப்புதான் வலித்தது. உள்ளேயிருந்து மகள் இழுத்தாள். பின்னாலேயே வந்த கணவன் தோளைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, "தச்சரக் கூப்பிடுறேன்," என்று போனை எடுத்தான்.

"கொஞ்சம் சும்மா இருங்க."

பைகளைக் கீழே வைத்தாள். கதவுச் சந்தில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டினாள். "எங்க கடிக்குது உனக்கு?" என்று கதவிடமே கேட்டாள். கீழ் மூலையில் கடித்தது. கைப்பிடியைத் தூக்கிப் பிடித்து, முழங்காலால் ஒரு தட்டு. திறந்துகொண்டது. சாத்திவிட்டு மறுபடி திறந்தாள். இன்னொரு தடவையும் திறந்தாள், பல்லெல்லாம் தெரிய.

"எதுக்கும் காலையில தச்சர..."

"யாரும் அதத் தொடக்கூடாது, சொல்லிட்டேன்."

நாலைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் கணவன் வெளியே நின்று கதவோடு மல்லுக்கட்டினான். "ஏய், தெறக்கமாட்டேங்குது!"

"தூக்கிட்டுத் தட்டுங்க! எத்தன தடவ சொல்லிக் குடுக்குறது?"

அவள் எழுந்துபோகவில்லை. தரையில் சம்மணமிட்டு, அவன் ஷூ மாட்ட உட்காரும் பெட்டியை முன்னால் இழுத்து, கத்தரிக்கோலின் நுனியை டேப்பில் வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே இழுப்பாக இழுத்தாள்.