இருபத்து நான்கு அங்குல இடம்

கொட்டாஞ்சேனையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் வோஷிங் மெஷின் வைக்க ஒரேயொரு இடம்தான் உண்டு: சமையலறைச் சுவருக்கும் சீமெந்து மேடைக்கும் நடுவே, இருபத்து நான்கு அங்குலம். பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைகளைப் பிழிந்து பிழிந்து என் மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது. "அடுத்த வருஷம் பாப்பம்" என்று என் கணவர் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டு இரும்பு அளவு நாடாவின் நுனி எப்போதோ முறிந்துவிட்டது. புதிது வாங்குவாரா மனுஷன்? ஒரு அங்குலக் கோட்டிலிருந்து அளந்து, வந்த எண்ணில் ஒன்றைக் கழிப்பார். கதவு, கட்டில், திரைச்சீலை எல்லாம் அப்படித்தான். ஒருநாளும் அளவு பிழைத்துப்போனதில்லை.

அந்தச் சனிக்கிழமை புறக்கோட்டைக் கடையொன்றில் எங்கள் கைக்கு எட்டிய விலையில் ஒரு மெஷின் நின்றது. கடைசி மெஷின்; பெட்டியும் இல்லை, அளவு எழுதிய தாளும் இல்லை.

"இன்னொருத்தரும் கேட்டிருக்கிறார், மிஸ். மத்தியானம் வருவார்" என்றார் விற்பனையாளர்.

மெஷினுக்கு சென்ரிமீற்றர்தான் கணக்கு என்று, கணவர் கையோடு கொண்டுவந்திருந்த எங்கள் நாடாவின் கீழ்வரிசையைப் பார்த்து அளந்தார். பிறகு போனில் கணக்குப் போட்டார்.

"இது அறுபத்தொண்டரை. எங்கடை இருபத்து நாலு இஞ்ச், அறுபத்தொண்டுகூட முழுசா இல்லை. போகாது. வாரும், போவம்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அரை சென்ரிமீற்றருக்காக இன்னொரு வருடம் பிழிவதா? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்றைக்கு ஆத்திரத்தில்தான் புத்தி வந்தது.

"நில்லுங்கோ. நாடாவை எங்கை பிடிச்சனீங்கள்?"

"வழக்கம்போலை, ஒரு இஞ்சிலை. அறுபத்து மூண்டுக்கு அரை குறைய வந்தது. ஒண்டைக் கழிச்சன்."

"ஒரு என்ன?"

அவர் நாடாவின் முறிந்த நுனியைத் திருப்பிப் பார்த்தார்.

"விட்டது ஒரு இஞ்ச், கழிச்சது ஒரு சென்ரிமீற்றர்! ஒரு இஞ்சுக்கு ரெண்டரை சென்ரிமீற்றர், ஐயா! ரெண்டரையைக் கழியுங்கோ!"

விற்பனையாளர் முந்திக்கொண்டார். "அறுபது, மிஸ்!"

பின்னேரம் இரண்டு பேர் அதைப் படியேற்றிக் கொண்டுவந்தார்கள். மெஷின் எங்கும் உரசாமல் உள்ளே போனது. பக்கத்தில் ஒரு பென்சில் நுழைய இடமும் மிச்சம்.

"பாத்தீரே, வீட்டிலை நான் அளந்தது சரிதானே" என்றார் அவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அவர் வீட்டில் உடுத்தும் சாரத்தையே முதலில் உள்ளே போட்டுப் பொத்தானை அமத்தினேன். முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தேன். தோய்த்துப் பிழிந்து அது நிற்கும்வரை நான் எழும்பவேயில்லை.